குடிப்பெருமை பாடிய ஸ்காட்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், மலைக்கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனைவரை இறங்கிச் செல்லும் பழந்தெரு ஒன்றுண்டு. அத்தெருவிலுள்ள கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் வெள்ளியாலும் வெள்ளீயக் கலவையாலும் வார்க்கப்பட்ட வட்டப் பதக்கங்கள் வரிசையாகக் கிடக்கும். பூட்டு மாட்டிய இடைவார் ஒன்று வளையமாகச் சுற்றியிருக்க, அதன் நடுவே மானோ, காளைத் தலையோ, முடி சூடிய அரிமாத் தலையோ புடைத்து நிற்கும். வாரின்மேல் இரண்டு மூன்று சொற்களில் ஒரு குலமொழி பொறிக்கப்பட்டிருக்கும். காளைத் தலை மக்லியாடு குலத்திற்குரியது. அரிமாத் தலை மக்ரெகர் குலத்திற்குரியது. மான் ஸ்காட் குலத்திற்குரியது. கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருவோர் தம் குடும்பப் பெயரைச் சொல்லி, அதற்குரிய பதக்கத்தை வாங்கிச் சட்டையிலோ தொப்பியிலோ குத்திக்கொண்டு போகின்றனர். நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறிப் போன பாட்டன் கைவிட்டுச் சென்ற ஒன்றை மீண்டும் பெற்றுவிட்டதாக அவர்கள் முகத்தில் ஒரு நிறைவு தோன்றுமாம்.

இப்பதக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. வாங்குகிறவருக்கு அந்தச் சின்னம் உரிமையாவதில்லை. தலைக்கவசத்தின் உச்சியில் வைத்த அவ்வுருவம் குலத்தலைவர் ஒருவருக்கே சட்டப்படி உரியது. 1672ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றினால் ஏற்பட்ட பதிவேட்டில் ஸ்காட்லாந்தின் குலக்கேடயங்கள் எல்லாம் பதியப்பட்டுள்ளன. அதற்கு அதிகாரியானவர் லையன் பிரபு எனப்படுகிறார். வாரும் பூட்டும் சூழ்ந்த வடிவில் அணிகிறவர், நான் இத்தலைவரைச் சார்ந்தவன் என்று அறிவிக்கிறார், அவ்வளவே. தலைவர் அதே சின்னத்தை வாரில்லாத வெறும் வளையத்திற்குள் அமைத்து, அதன் பின்னே கழுகின் இறகுகள் மூன்றைச் செருகிக்கொள்வார். சாதாரணக் குலத்தவர் ஒருவர் அச்சின்னத்தைத் தம் மோதிரத்தில் தமதே போல வெட்டிக்கொண்டால் அது குற்றமாகும்.

வாரும் பூட்டும் கொண்ட இவ்வடிவம் பெரிதும் விக்டோரியா அரசியின் காலத்தில் பரவியது. அதற்கு முன்னர் மலைநாட்டார் தம் குலத்தைக் காட்டத் தொப்பியில் ஒரு தழையைச் செருகிக்கொள்வர். மக்டொனால்டு குலத்தார்க்கு ஹெதர் எனும் புதர்ப்பூ; மக்ரெகர் குலத்தார்க்குப் பைன் மரக்கொத்து. பனையும் வேம்பும் ஆத்தியும் சூடிய மூவேந்தரைப் பாடம் சொல்லிக் கொடுக்கும் எனக்கு இச்செய்தி வியப்பளிக்கவில்லை. ஒருவகை உறவுணர்ச்சியையே அளித்தது. தழை போய் உலோகம் வந்ததும், போர்க்களத்து அடையாளம் அங்காடிப் பொருளானதும் எவ்வாறு நிகழ்ந்தன என்று தேடிச் செல்வோர் பல வழிகளில் சென்றாலும் இறுதியில் ஒரு மனிதரின் வாயிலில் வந்து நிற்பர். அவர் கவிஞர், நாவலாசிரியர், வழக்கறிஞர், கால் ஊனமுற்றவர். மலைநாட்டாரும் அல்லர். அவரே சர் வால்ட்டர் ஸ்காட்.

1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் எடின்பரோவில் ஸ்காட் பிறந்தார். தந்தையார் பெயரும் வால்ட்டர் ஸ்காட்டே. சட்டத் தொழில் புரிந்தவர். சிக்கனமும் கண்டிப்பும் உடையவர். தாயார் ஆன் ரதர்போர்டு, எடின்பரோப் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியரின் மகள். ஒன்றரை வயதளவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நீங்கியபோது வலக்கால் இயங்கவில்லை. இன்று இளம்பிள்ளை வாதம் என்று நாம் அறியும் நோய் அது. நகரத்துக் காற்று ஆகாதென்று, நாட்டின் தென்னெல்லையை ஒட்டிய சேண்டினோ எனும் ஊரிலிருந்த பாட்டனாரின் பண்ணைக்குப் பிள்ளையை அனுப்பினர். அப்போதே உரித்த ஆட்டுத்தோலின் வெதுவெதுப்பில் குழந்தையைச் சுற்றிக் கிடத்தினால் கால் தேறும் என்று யாரோ சொல்ல, அதுவும் செய்து பார்த்தனர். கால் தேறவில்லை, வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார். ஆனால் அப்பண்ணையில் வேறொன்று கிடைத்தது.

பண்ணைக்கருகே குன்றின்மேல் ஸ்மெயில்ஹோம் கோபுரம் தனித்து நின்றது. அதைக் காட்டிக் காட்டிப் பாட்டியும் அத்தையும் எல்லைப்புறக் கதைகளைச் சொல்லினர். எல்லைப்புறக் குடிகள் நூற்றாண்டுக் கணக்கில் இங்கிலாந்துக்காரரின் ஆநிரைகளையும், சமயம் வாய்த்தால் அடுத்த குடியினரின் ஆநிரைகளையும் கவர்ந்து வாழ்ந்தவர்கள். ஸ்காட்டின் முன்னோருள் ஒருவரான ஹார்டன் ஊர் வால்ட்டர் அத்தொழிலில் பேர்போனவர். வீட்டில் இறைச்சி தீர்ந்துபோனால் அவர் மனைவி உணவு மேசையில் மூடிய தட்டொன்றை வைப்பாராம். திறந்தால் உள்ளே குதிரைவீரர் காலில் மாட்டும் குதிமுள்கள் இருக்குமாம். புறப்பட்டுப் போய்க் கவர்ந்து வாருங்கள் என்பது குறிப்பு. ஹார்டன் குடியின் குலமொழியும், தேய்ந்த நிலவு மீண்டும் தன் கொம்புகளை நிறைத்துக்கொள்ளும் என்னும் பொருளுடையது. இரவில் நிரை கவர்வோர்க்கு நிலவொளியைவிட வேண்டுவது வேறென்ன? மற்றொரு முன்னோர், ஸ்டூவர்ட்டு மன்னர் குலம் மீண்டும் அரியணை ஏறும்வரை தாடி மழிப்பதில்லை என்று நோன்பு பூண்டார். தாடிக்காரர் என்பதே அவர் பெயராகிவிட்டது. ஓடியாட இயலாத குழந்தை இவற்றைக் கேட்டுக் கிடந்தது. குடிப்பெருமை என்பது அவருக்கு நூலறிவால் வந்ததன்று. பாட்டியின் மடியிலேயே வந்தது.

பள்ளியும் பல்கலைக்கழகமும் முடித்து 1792இல் வழக்கறிஞரானார். அவ்வாண்டு முதலாக ஏழாண்டுகள், விடுமுறைதோறும் லிடெஸ்டேல் எனும் பாதையற்ற பள்ளத்தாக்கில் நண்பர் ஒருவருடன் குதிரையேறித் திரிந்து, இடையர்களும் கிழவிகளும் பாடிய கதைப்பாடல்களைத் திரட்டினார். அத்திரட்டு 1802, 1803ஆம் ஆண்டுகளில் நூலாக வெளிவந்தது. பாடல் தந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் கவிஞராகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஹாக்கின் தாயார். அச்சில் தம் பாடல்களைக் கண்ட அம்மூதாட்டி மகிழவில்லை. இவை பாடுவதற்கு உண்டானவை, படிப்பதற்கு அல்ல; அச்சிட்டு நீர் இவற்றைக் கெடுத்துவிட்டீர் என்று ஸ்காட்டின் முகத்துக்கு நேரே சொன்னார். நாட்டுப்புறப் பாடல் திரட்டும் நம்மவர் ஒவ்வொருவரும் அம்மூதாட்டியின் சினத்தை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்காட் திரட்டியதோடு நில்லாமல் ஆங்காங்கே செப்பனிட்டார். விடுபட்ட அடிகளைத் தாமே இட்டு நிரப்பினார். மூலத்தை மூலமாகவே விட்டுவைக்க அவரால் இயலவில்லை. இக்குறை அவர் வாழ்வில் பின்னர் பெரிய அளவில் வெளிப்படப் போகிறது.

1797ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் பிரெஞ்சு வழிவந்த சார்லட் கார்ப்பெண்டரை மணந்தார். இவ்விடத்தில் தமிழ்நாட்டினர் சற்று நிமிர்ந்து உட்காரலாம். சார்லட்டுக்கு உடன்பிறந்தார் ஒருவர் உண்டு. சார்லஸ் கார்ப்பெண்டர் என்பது பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்துப் பணியில் உயர்ந்து, சேலத்தில் வணிக அதிகாரியாக விளங்கியவர் அவர். மணமகளுக்கு ஆண்டுதோறும் வந்த ஏறத்தாழ 500 பவுன் வருவாயில் ஒரு பகுதி அவரைச் சார்ந்தே இருந்தது. எடின்பரோவில் ஓர் இளங்கவிஞர் குடித்தனம் தொடங்கியதற்குக் கம்பெனியின் சேலத்து ஊதியமும் துணைநின்றது. பெரும் புகழின் கணக்கேட்டில் இத்தகைய வரிகளை யாரும் உரக்கப் படிப்பதில்லை.

எழுத்துப் பணியை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. 1805 முதல் வெளிவந்த நெடும்பாட்டுகள் அவரை நாடறிந்த கவிஞராக்கின. 1810இல் வந்த ஏரிக்கரை நங்கையின் கதையைப் படித்தவர்கள் காட்ரின் ஏரியைக் காண வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டனர். ஸ்காட்லாந்தின் சுற்றுலாத் தொழில் அன்று தொடங்கியது எனலாம். 1814இல் பெயரிடாமல் வெளியிட்ட வேவர்லி, வரலாற்று நாவல் என்னும் இலக்கிய வகைக்கே வழிகாட்டியாயிற்று. தொடர்ந்து ராப் ராய், ஐவன்ஹோ எனப் பல. பதின்மூன்றாண்டுக் காலம் இவற்றின் ஆசிரியர் யாரென்று வெளிப்படையாகச் சொல்லாமலே இருந்தார். ஊரறிந்த மறைபொருளாக அது நிலவியது.

பொருள் குவிந்தது. 1811இல் ட்வீடு ஆற்றங்கரையில் ஒரு பண்ணையை வாங்கினார். ஊரார் அதைச் சேற்றுப் பள்ளம் என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஸ்காட் அதற்கு அபட்ஸ்போர்டு எனப் பெயரிட்டு, கோபுரமும் கொத்தளமுமாக ஒரு மாளிகை எழுப்பினார். பழம்பொருள்கள் அங்கே வந்து சேர்ந்தன. ராப் ராயின் துப்பாக்கி, மான்ட்ரோசின் வாள், இளவரசர் சார்லசின் தலைமயிர்க் கற்றை ஆகியன அவற்றுட் சில. எடின்பரோவின் பழஞ்சிறை இடிக்கப்பட்டபோது அதன் கதவையும் வாங்கிவந்து சுவரில் பதித்தார். எனினும், என் மனத்தைத் தொட்டவை இவையல்ல. வீட்டின் நுழைவுக் கூடத்தின் விதானமே.

அக்கூடத்தின் மேல்விளிம்பைச் சுற்றி எல்லைப்புறக் குடிகளின் கேடயங்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளன. விதானத்தின் நடுவரிசையில் ஸ்காட் தம் முன்னோரின் கேடயங்களை அமைக்க விரும்பினார். உயர்குடிப் பிறப்பை நிறுவ, தந்தை வழியிலும் தாய் வழியிலுமாகப் பதினாறு முன்னோரின் கேடயங்களைக் காட்டுவது ஐரோப்பிய வழக்கம். தந்தை வழியில் குறைவில்லை. தாய் வழியில் சில இடங்களுக்கு எவ்வளவு தேடியும் சான்று கிடைக்கவில்லை. குலக்கதைகளைப் புனைவதில் அவரை விஞ்சியவர் அந்நாளில் இல்லை. ஒரு சிங்கத்தையோ பிறையையோ எழுதிவைத்திருந்தால் எவரும் கேட்டிருக்கப் போவதுமில்லை. அவ்வாறு செய்யாமல், அக்கேடயங்களில் மேகம் தீட்டச் செய்து, இருள் மறைத்தது என்னும் பொருளில் லத்தீன் மொழியில் எழுதிவைத்தார். பாடலில் அடிகளை இட்டு நிரப்பிய அதே கை, குடிவழியில் நிரப்ப மறுத்தது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்று நான் நெடுநாள் எண்ணியதுண்டு. கலையில் தனக்கு உரிமை உண்டென்றும், பதிவேட்டில் இல்லையென்றும் அந்த வழக்கறிஞர் கருதினார் போலும்.

1818ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் நிகழ்ந்ததை அவர் வாழ்வின் உச்சம் என்பேன். ஸ்காட்லாந்தின் மணிமுடி, செங்கோல், வாள் ஆகிய மூன்றும், 1707இல் அந்நாடு இங்கிலாந்துடன் இணைந்தபோது எடின்பரோக் கோட்டையில் ஒரு பெட்டியில் பூட்டப்பட்டன. நூற்றுப் பத்தாண்டுகள் கடந்தபின், அவை உள்ளேதான் இருக்கின்றனவா, இங்கிலாந்துக்குக் கொண்டு போகப்பட்டுவிட்டனவா என்றே ஐயம் பிறந்துவிட்டது. முன்னொருமுறை, 1652இல் கிராம்வெல்லின் படையிடமிருந்து அவற்றை ஒரு குருவின் மனைவி கரவாக வெளியே கொண்டுவந்து, கினெஃப் என்னும் சிற்றூர்க் கோயிலின் தரைக்கடியில் புதைத்துக் காத்த வரலாறு உண்டு. இம்முறை ஸ்காட்டின் முயற்சியால் அரசின் இசைவு பெறப்பட்டு, அவர் உள்ளிட்ட குழுவினர் முன்னிலையில் பெட்டி உடைக்கப்பட்டது. துணியில் சுற்றியபடி மூன்றும் இருந்தன. மறுநாள் தம் மகள் சோபியாவை அழைத்துச் சென்றார். குழுவினர் ஒருவர் விளையாட்டாக மணிமுடியை எடுத்து அங்கிருந்த இளம்பெண் ஒருத்தியின் தலையில் சூட்டப் போனார். ஸ்காட் கடுங்குரலில் தடுத்துவிட்டு, உடனே தம் சினத்திற்கு நாணி நின்றார். சோபியாவோ முன்னமே மயங்கும் நிலையில் வாயிலருகே ஒதுங்கிவிட்டிருந்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் தந்தையின் கை நடுங்கிக்கொண்டிருந்ததை அவள் உணர்ந்தாளாம். அணிகலன் என்பது அவருக்கு எத்தகையது என்பதை அந்நடுக்கம் காட்டும்.

1820இல் பாரனெட் பட்டம் கிடைத்தது; நான்காம் ஜார்ஜ் மன்னர் அளித்த முதல் பாரனெட் பட்டம் அதுவே. இரண்டாண்டு கழித்து அம்மன்னர் ஸ்காட்லாந்துக்கு வருவதென முடிவாயிற்று. 1650க்குப் பின் ஆளும் மன்னர் எவரும் அந்நாட்டில் கால் வைத்ததில்லை. வரவேற்பு ஏற்பாடு முழுவதும் ஸ்காட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. சில வாரமே அவகாசம். அவர் செய்தது இதுதான்: நாடு முழுவதையும் மலைநாட்டு உடையில் நிறுத்தினார்.

இதன் விந்தையை உணர வரலாறு சிறிது வேண்டும். 1746இல் கலோடன் போரில் ஸ்டூவர்ட்டு இளவரசருக்காக எழுந்த மலைக்குலங்கள் முறியடிக்கப்பட்டன. அவ்வாண்டுச் சட்டம் கட்டத்துணியையும் மலைநாட்டு உடையையும் தடைசெய்தது; அத்தடை 1782இல்தான் நீங்கியது. சமவெளி ஸ்காட்லாந்தினர் பலர்க்கு மலைநாட்டார் என்றால் மாடு திருடும் முரடர் என்றே நினைப்பு. அவ்வுடையை எடின்பரோ வணிகரும் வழக்கறிஞரும் அணிய வேண்டுமென ஸ்காட் சிறு கையேடு எழுதி வெளியிட்டார். தையற்காரருக்கு இரவு பகலாக வேலை. குலத்திற்கு இன்ன கட்டம், இன்ன சின்னம் என்று ஆளாளுக்குத் தேடி அலைந்தனர். ஸ்காட்டும், கொள்ளுப்பாட்டி ஒருவர் கேம்பல் குலத்தவர் என்ற உரிமையில், அக்குலத்துக் கட்டத்துணியில் கால்சட்டை தைத்துக்கொண்டார்.

ஆகஸ்டு 14ஆம் நாள், கொட்டும் மழையில், லீத் துறைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த அரச கப்பலுக்குப் படகில் சென்றார் ஸ்காட். எடின்பரோப் பெண்டிர் சார்பில், வெள்ளியாலான புனித ஆண்ட்ரூவின் சிலுவைப் பதக்கத்தை மன்னருக்கு அளித்தார். மன்னர் மகிழ்ந்து மலைநாட்டு விஸ்கி வரவழைத்து அவர் நலம் வாழ்த்திப் பருகினார். அக்கண்ணாடிக் கிண்ணத்தைத் தமக்குத் தர வேண்டுமென்று கேட்டு வாங்கிய ஸ்காட், தம் குடிக்கு அது பரம்பரைச் செல்வமாக விளங்குமென்று எண்ணி அங்கியின் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் அங்கே விருந்தினராகக் கவிஞர் ஜார்ஜ் கிராப் வந்திருந்தார். அவரைக் கண்ட மகிழ்ச்சியில் மறந்துபோய் நாற்காலியில் அமர்ந்தார், கிண்ணம் தூளாயிற்று. நகைப்புக்குரிய இந்நிகழ்ச்சியை எல்லாரும் எழுதுவர். அதே நாளில் அவருடைய நெருங்கிய நண்பர் வில்லியம் எர்ஸ்கின் இறந்தார் என்பதைச் சிலரே குறிப்பர். நண்பரின் இழப்பை நெஞ்சில் அடக்கிக்கொண்டே விழா நாள்களில் அவர் ஓடியாடினார்.

மன்னர் மறுநாள் கரையிறங்கினார். ஸ்காட்டின் 51ஆம் பிறந்தநாள் அது. அரண்மனைக் கூட்டமொன்றில் பருத்த உடலுடன் மன்னர் மலைநாட்டு உடையில் தோன்றினார். பொன்னும் மணியும் இழைத்த பூட்டுகள், குறுவாள், பதக்கங்கள் உட்பட அவ்வுடையின் விலை 1,354 பவுன் 18 ஷில்லிங். முழந்தாளுக்கு மேல் ஏறிய ஆடையும், தோல் நிறக் காலுறையும் பலரை நகைக்க வைத்தன. லண்டனில் மேயராயிருந்த பருமனான வில்லியம் கர்ட்டிசும் அதே உடையில் வந்து சேரவே, மன்னரின் கம்பீரம் மேலும் குலைந்தது. கிளென்கரித் தலைவரான மக்டொனல், இஃது உண்மையான மலைநாட்டு மரபன்று, கேலிக்கூத்து என்று பொருமினார். அவர் பொருமியதிலும் ஒரு முரண் உண்டு. மரபைக் காக்கச் சங்கம் கண்ட அதே தலைவர், தம் நிலத்தில் வாழ்ந்த குடியானவரை வெளியேற்றியவர்.

இங்கேதான் ஸ்காட்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல நா எழவில்லை. எடின்பரோத் தெருக்களில் குலச்சின்னங்கள் மின்னிய அந்நாளில், மலைப்பள்ளத்தாக்குகளில் ஆட்டு மந்தைக்கு இடம் வேண்டிக் குலத்தாரின் குடிசைகள் காலிசெய்யப்பட்டுக்கொண்டிருந்தன. சதர்லாந்துக் கோமாட்டியின் நிலங்களில், 1814இலும் 1819இலும் வீடுகளுக்குத் தீயிட்டே மக்களை விரட்டினர். அந்நிலங்களிலிருந்து வந்த ஆடவர் குழு ஒன்றும் 1822இல் மன்னர்முன் அணிவகுத்தது. ஸ்காட் இதை அறியாதவரல்லர். 1816இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பள்ளத்தாக்குகள் வெறிச்சோடுவதற்கு வருந்தியிருக்கிறார். எனினும் நிலக்கிழாரின் உரிமையை எதிர்த்து நிற்கும் இயல்பு அவரிடம் இல்லை. தலைவனும் குலமும் தந்தையும் மக்களும் போன்றவர் என்று நாவல்களில் நம்பினார். தந்தை மக்களைத் துரத்தும்போது விழா எடுத்தார். இன்று அப்பதக்கத்தை வாங்க வருவோருள் துரத்தப்பட்டவரின் பேரப்பிள்ளைகளும் உளர். தம் பாட்டனை வெளியேற்றிய தலைவரின் சின்னத்தையே அவர்கள் விலை கொடுத்துக் குத்திக்கொள்ள நேர்கிறது. ஸ்காட்டைக் குற்றவாளி என்று கூற எனக்கு மனம் வரவில்லை; விடுவிக்கவும் வரவில்லை.

அவர் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். 1829இல், குலந்தோறும் உரிய கட்டங்களை வரையறுக்கும் பழஞ்சுவடி தம்மிடம் உள்ளதாக இரு உடன்பிறந்தார் கூறினர். ஸ்டூவர்ட்டு மன்னர் வழியினர் என்றும் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள். சமவெளிக் குடிகளுக்கும் அதில் கட்டங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஸ்காட்டிடம் செய்தி வந்தபோது, இது நம்பத்தக்கதன்று, சமவெளியார் குலக்கட்டம் அணிந்ததில்லை என்று மறுத்தார். 1842இல் அச்சேறிய அந்நூல் புனைசுருட்டு என்பது பின்னர் ஆய்வாளர்களால் நிறுவப்பட்டது. ஆனால் அவர் திறந்த வெள்ளம் அவர் சொல்லுக்கு அடங்கவில்லை. விக்டோரியா அரசிக்காக 1852இல் பால்மொரல் விலைக்கு வாங்கப்பட்டபின் அது பெருகியது. அகேட், ஜாஸ்பர், கெய்ர்ன்கார்ம் மலைத் தவிட்டுநிறப் படிகம் ஆகியவற்றை வெள்ளியில் பதித்த பதக்கங்கள் லண்டன் மகளிரின் போர்வைகளிலெல்லாம் ஏறின.

1826ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்காட்டின் பதிப்பாளர் கான்ஸ்டபிளும், அவர் மறைமுகப் பங்காளியாயிருந்த பாலன்டைன் அச்சகமும் ஒருசேர வீழ்ந்தன. ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன் அவர் தலையில் விழுந்தது. நொடித்தவர் என்று அறிவித்துத் தப்ப வழியிருந்தது. நண்பர்கள் உதவ முன்வந்தனர். இரண்டையும் மறுத்து, எழுதியே தீர்ப்பதென முடிவு செய்தார். அபட்ஸ்போர்டு மாளிகை மட்டும் முந்தின ஆண்டு மூத்த மகனின் திருமணத்தின்போது அவன்மேல் எழுதி வைக்கப்பட்டிருந்தமையால் கடன்காரர் கைக்குப் போகவில்லை. அவ்வாண்டு மே 15ஆம் நாள் சார்லட் இறந்தார். அதன்பின் அவர் எழுதியதெல்லாம் கடன்சீட்டின் முதுகில் எழுதியதே எனலாம். 1827இல் நெப்போலியனின் வரலாறு வந்தது. அவ்வாண்டிலேயே, சென்னையையும் ஐதர் அலியின் மைசூரையும் களமாகக் கொண்ட ஓர் அறுவை மருத்துவர் மகளின் கதையும் வந்தது. இந்தியாவை அவர் கண்டதில்லை. இங்கு வாழ்ந்து திரும்பிய நண்பரிடம் கேட்டு எழுதினார். நம் மண் அக்கதையில் உயிர்பெறவில்லை என்றே கூறுவேன். குன்றும் கோபுரமும் காட்டிக் கதை சொல்ல இங்கு அவருக்கொரு பாட்டி இருந்ததில்லை.

பக்கவாதம் அடுத்தடுத்துத் தாக்கியது. 1831இல் அரசு போர்க்கப்பல் ஒன்றை அளித்து மால்டாவுக்கும் நேப்பிள்சுக்கும் அனுப்பியது. உடல் தேறவில்லை. நினைவு தடுமாறிய நிலையில் திரும்பினார். வண்டி தம் ஊரை நெருங்கியபோது மலைகளைக் கண்டு எழுந்து துள்ளினார் என்பர். 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், ட்வீடு ஆற்றின் ஓசை கேட்கும் அறையில் உயிர் பிரிந்தது. டிரைபரோ மடத்தின் இடிபாடுகளிடையே, மனைவியின் அருகே அடக்கம் செய்தனர்.

நாட்டிலுள்ள குடிகளுக்கெல்லாம் பெருமை வழங்கியவரின் உள்ளத்தில் தமக்கென ஒரு வேட்கை இருந்தது. அபட்ஸ்போர்டில் ஸ்காட் என்னும் பெயரில் வழிவழியாக ஒரு குடி தழைக்க வேண்டும் என்பதே அது. சேலத்து மைத்துனர் 1818இல் இறந்தபோது, தம் மனைவி காலத்துக்குப்பின் செல்வமெல்லாம் உடன்பிறந்தாள் மக்களுக்கென எழுதிவைத்திருந்ததும் அவ்வேட்கையை வளர்த்தது. மூத்த மகன் வால்ட்டர் குதிரைப்படை அதிகாரியானார். தம் படைப்பிரிவுடன் இந்தியா வந்து பெங்களூரில் தங்கி, நோயுற்றுத் தாயகம் திரும்பும் வழியில், 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் நன்னம்பிக்கை முனையருகே கப்பலிலேயே இறந்தார். பிள்ளை இல்லை. இளைய மகன் சார்லஸ் 1841இலேயே தெகரானில் இறந்துவிட்டார். பாரனெட் பட்டம் அத்துடன் அற்றுப்போயிற்று. தந்தையின் கடனில் எஞ்சியது முற்றும் தீர்ந்ததும் அதே 1847ஆம் ஆண்டில்தான். பதிப்பாளர் கடெல் நூலுரிமைகளைப் பெற்றுக்கொண்டு அதை அடைத்தார்.

வீடு சோபியாவின் மகள் சார்லட்டுக்கு வந்தது. அவர் கணவர் ஹோப், தம் பெயருடன் ஸ்காட் என்பதையும் இணைத்துக்கொண்டார். அடுத்த தலைமுறையிலும் பெண்வழியே தொடர்ந்து, மாக்ஸ்வெல்-ஸ்காட் என்றாயிற்று. அவ்வழியில் அங்கு கடைசியாக வாழ்ந்த ஜீன் மாக்ஸ்வெல்-ஸ்காட் அம்மையார் 2004இல் மறைந்தார். 2007 முதல் ஓர் அறக்கட்டளை வீட்டைப் பேணிவருகிறது. 1833 முதலே பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்ட நுழைவுக் கூடத்தின் விதானத்தில், தாய்வழிக் கேடயங்களின்மேல் அவர் தீட்டச் செய்த மேகங்கள் அப்படியே உள்ளன.